ஐந்து வருடக் குச்சியும் பத்து வருட லூப்பும்: திருகோணமலையில் ஒரு குடும்பத் திட்டமிடல் கிளினிக்

திருகோணமலை நகரை அண்டிய சுகாதார வைத்திய அதிகாரி பிரிவு ஒன்றில் நடைபெறும் குடும்பத் திட்டமிடல் கிளினிக்கைப் பற்றிய மதிப்புரை இது. கடைகளைப் பற்றியும் உணவகங்களைப் பற்றியும் தாராளமாக எழுதுகிற நாம், பெண்கள் தங்கள் உடம்பை நம்பி ஒப்படைக்கிற இப்படியான ஓர் அரச சேவையைப் பற்றி எழுதுவது மிகக் குறைவு. வீட்டுக்குள்கூடத் தாழ்ந்த குரலில்தான் இந்த விடயம் பேசப்படுகிறது. அதனால் அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு உண்மையில் என்ன நடந்தது என்பது தெரியாமலே, காதில் விழுந்ததை வைத்துத் தீர்மானிக்கிற நிலையில் பலர் இருக்கிறார்கள். இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு நான் அங்கே கையில் குச்சி, அதாவது தோலுக்குக் கீழே வைக்கும் கருத்தடைக் குச்சி, வைத்துக்கொண்டேன். என் தங்கை அதே கிளினிக்கில் கருப்பைக்குள் வைக்கும் லூப் போட்டுக்கொண்டாள். என் அயலவர்கள் சிலரோடும் துணைக்குப் போயிருக்கிறேன். பிரிவின் பெயரை வேண்டுமென்றே தவிர்க்கிறேன், ஏனென்றால் அங்கே வேலை செய்பவர்கள் மிகச் சிலர். பெயர் சொன்னால் ஆளைக் கண்டுபிடிப்பது எளிது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நம்பிப் போகலாம். குறைகள் உண்டு, அவற்றைக் கீழே எழுதியிருக்கிறேன். ஆனால் குச்சியையும் லூப்பையும் வைப்பதை எவ்வளவு அக்கறையோடு செய்கிறார்களோ, கேட்ட நேரத்தில் அவற்றைக் கழற்றித் தருவதையும் அதே அக்கறையோடு செய்கிறார்கள். நீண்டகாலக் கருத்தடை முறையைப் பெண்கள் ஏற்பதா மறுப்பதா என்பது வேறெதையும் விட இந்த ஒன்றில்தான் தங்கியிருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அங்கே கிடைப்பவை எல்லாம் இலவசம். ஆணுறை, தினமும் எடுக்கும் குளிசை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் டிப்போ ஊசி ஆகியவற்றோடு, நீண்டகால முறைகள் இரண்டு உண்டு. ஒன்று லூப், அதாவது செப்புக் கம்பி சுற்றிய டி வடிவச் சிறு சாதனம். கொப்பர் டி 380ஏ என்பது அதன் பெயர். 380 என்பது அதிலுள்ள செப்பின் மேற்பரப்பைச் சதுர மில்லிமீற்றரில் குறிக்கிறது. கருப்பைக்குள் வைத்தால் 10 வருடங்கள் வேலை செய்யும், அதில் ஹோர்மோன் எதுவும் இல்லை. மற்றையது ஜடெல். மேற்கையின் உட்பக்கத்தில் தோலுக்குக் கீழே வைக்கப்படும் மெல்லிய இரண்டு குச்சிகள், ஒவ்வொன்றிலும் 75 மில்லிகிராம் லெவோனோஜெஸ்ட்ரல் என்ற ஹோர்மோன். 5 வருடங்களுக்குச் செல்லும். குளிசையை நாம் வழக்கமாக எடுக்கிற விதத்தில், மறதியும் சேர, 100 பெண்களில் 7 பேர் வரை முதல் வருடத்துக்குள் கருத்தரிக்கிறார்கள். ஊசியில் 4 பேர். லூப்பில் அது 1000 பேரில் 8 பேர் அளவுக்கும், குச்சியில் 1000 பேரில் ஒருவர் அளவுக்கும் இறங்கிவிடுகிறது. வைத்த பிறகு நாம் நினைவில் வைத்திருக்க வேண்டியது எதுவும் இல்லை என்பதே இந்த வேறுபாட்டுக்குக் காரணம்.

இந்த எண்களை யாரும் எனக்குச் சொற்பொழிவாகச் சொல்லவில்லை. குடும்பநல உத்தியோகத்தர், அதாவது மிட்வைஃப், எல்லாரும் "மிஸ்" என்றுதான் கூப்பிடுவார்கள், மேசையின் இழுப்பறையிலிருந்து ஒரு மாதிரிக் குச்சியை எடுத்துச் சுற்றியிருந்த எங்களுடைய உள்ளங்கைகளில் ஒவ்வொன்றாக வைத்தார். தீக்குச்சியின் நீளந்தான் இருக்கும். வெள்ளை நிறம், விரலால் அழுத்தினால் வளைந்து கொடுக்கிறது. அவருடைய மேசையில் பழைய லூப் ஒன்றும் பிளாஸ்டிக் கருப்பை மாதிரி ஒன்றும் இருந்தன. லூப்பை அந்த மாதிரிக்குள் வைத்து, நூல் எந்த இடத்தில் நிற்கும் என்று காட்டி, "இதுக்கு மேல வழி இல்ல, பாருங்கோ, மூடின பை" என்று மாதிரியின் மேற்பக்கத்தை விரலால் தட்டினார். பக்கத்து வாங்கில் இருந்த அம்மா ஒருவர் மாதிரியைத் தன் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். லூப் நெஞ்சுக்கு ஏறிவிடும் என்று தன்னுடைய மாமியார் சொன்னதை அவர் அப்போதுதான் வெளியே சொன்னார். கண்ணால் கண்டு, கையால் தொட்ட பிறகு வருகிற கேள்விகளே உண்மையான கேள்விகள் என்பதை அந்த அறையில் பார்த்தேன்.

அந்தக் கேள்விகளுள் முதன்மையானதைக் கேட்டவர் நிலாவெளிப் பக்கத்திலிருந்து வந்த ஓர் இளம் தாய். "மிஸ், எனக்கு ஒத்துவராட்டி இத எடுத்துத் தருவீங்களோ, இல்லாட்டி அஞ்சு வருசம் முடியட்டும் எண்டு சொல்லுவீங்களோ?" மிஸ் சற்றும் தயங்கவில்லை. "நீங்க வந்து கேக்கிற கிளினிக் நாளில எடுத்துத் தருவம். ஏன் எண்டு கேப்பம், மருந்தால சரிவருமோ எண்டு பாக்கிறதுக்குத்தான். காரணம் சொன்னாத்தான் எடுப்பம் எண்டு இல்ல, தங்கச்சி." அந்தப் பெண் அன்றைக்கே குச்சி வைத்துக்கொண்டார். அதற்கு முன்னர் அவரிடம் பயன்திறனைப் பற்றியும் இலவசம் என்பதைப் பற்றியும் எவ்வளவோ சொல்லப்பட்டிருந்தது. அவை எதுவும் அவரை நகர்த்தவில்லை.

இந்தப் பயத்தை அறியாமை என்று ஒதுக்குகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. ஜடெலுக்கு முன்னோடியாக ஆறு குச்சிகளைக் கொண்ட நோர்பிளான்ட் இருந்தது. 1980களிலும் 1990களிலும் பங்களாதேசத்திலும் இந்தோனேசியாவிலும் அதை ஆயிரக்கணக்கான ஏழைப் பெண்களுக்கு வைத்தபோது, கழற்றித் தரச் சொல்லிப் போனவர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள் என்ற முறைப்பாடுகள் பரவலாக எழுந்தன. வைக்கப் பழக்கப்பட்டவர்கள் பலர், கழற்றப் பழக்கப்பட்டவர்கள் சிலர் என்ற நிலையும் இருந்தது. குளிசையை ஒரு பெண் தானே நிறுத்தலாம், அடுத்த ஊசிக்குப் போகாமலும் விடலாம். குச்சியையும் லூப்பையும் அப்படி அவள் தானாக நிறுத்த முடியாது. இன்னொருவரின் கையும் சம்மதமும் வேண்டும். ஐந்து வருடத்துக்குத் தன் உடம்பின் திறப்புச் சாவியை இன்னொருவரிடம் கொடுக்கிறவள், கேட்டால் திருப்பித் தருவார்களா என்று கேட்பது மிகச் சரியான கேள்வி.

நம்முடைய நாட்டிலும் இதற்குக் கனமான பின்னணி உண்டு. 2013ஆம் ஆண்டு கிளிநொச்சி மாவட்டத்தின் வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு ஆகிய கிராமங்களில், பிள்ளைகளின் போசாக்கைப் பார்ப்பதாக அழைக்கப்பட்ட தாய்மாருக்குப் போதிய விளக்கமின்றிக் கையில் குச்சி வைக்கப்பட்டது என்ற குற்றச்சாட்டு எழுந்தது. போரிலே உறவுகளைப் பறிகொடுத்த மக்களிடம் அந்தச் செய்தி எப்படிப் போய்ச் சேர்ந்திருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை; திருகோணமலையில் இன்றைக்கும் "எங்கட சனத்தைக் குறைக்கிறதுக்கு" என்று வயதானவர்கள் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். 2019இல் குருநாகலில் முஸ்லிம் வைத்தியர் ஒருவர் மீது, சிங்களத் தாய்மாருக்கு இரகசியமாகக் கருத்தடை செய்தார் என்று கிளப்பப்பட்ட, ஆதாரம் எதுவும் கிடைக்காத பழி, கருத்தடை என்ற சொல்லையே இனக் கணக்கோடு கட்டிவிட்டது. மூன்று சமூகங்களும் ஒரே வாங்கில் அமர்ந்திருக்கும் ஊர் எங்களுடையது. இங்கே ஒரு பெண் தயங்குகிறாள் என்றால் அவளுடைய தயக்கத்துக்குள் இவை எல்லாம் இருக்கின்றன. அதைக் கலைக்கக்கூடியது, கையொப்பம் வாங்குவதற்கு முன்பு ஆறுதலாக விளக்குவதும், வேண்டாம் என்றால் முகம் சுழிக்காமல் விடுவதும், எடு என்றால் எடுப்பதும்தான். இந்தக் கிளினிக்கில் மூன்றையும் கண்டேன். ஊசிதான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்ற ஒருவரை யாரும் வற்புறுத்தவில்லை. டிப்போவை நிறுத்திய பிறகு கருத்தரிக்கப் பல மாதங்கள் பிந்தலாம் என்பதை மட்டும் இரண்டு தரம் நினைவூட்டி, ஊசியைப் போட்டு அனுப்பினார்கள்.

இரத்தப்போக்கைப் பற்றி அவர்கள் கதைத்த விதத்தையும் பாராட்ட வேண்டும், ஏனென்றால் குச்சியை இடையில் கழற்றுவதற்குப் பெண்கள் அதிகமாகச் சொல்லும் காரணம் அதுதான். ஜடெல் வைத்த முதல் வருடத்தில் மாதவிடாய் ஒழுங்கு தவறும். சிலருக்கு நாட்கணக்கில் சொட்டுச் சொட்டாகப் படும், சிலருக்கு மாதக்கணக்கில் வராமலே இருக்கும். லூப்பில் முதல் மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு மாதவிடாய் அதிகமாகவும் வலியோடும் வரலாம், பிறகு பெரும்பாலும் தணியும். வைப்பதற்கு முன்பே இதைக் கேட்டுப் போகிறவள் அது நடக்கும்போது பொறுத்துக்கொள்கிறாள். கேளாமல் போகிறவளுக்குத் தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்ற எண்ணம் வருகிறது, அதை அவள் பத்துப் பேரிடம் சொல்கிறாள். எனக்கே முதல் மாதங்களில் இடைவிட்டு இடைவிட்டுப் பட்டுக்கொண்டிருந்தது. வருமென்று முன்னரே சொல்லியிருந்தபடியால் நான் பயப்படவில்லை. வராமல் நின்றால் கெட்ட இரத்தம் உள்ளே தேங்கும் என்ற நம்பிக்கை எங்கள் வீடுகளில் ஆழமானது. கருப்பையின் உட்படலம் மெலிந்துபோவதால் வெளியேற எதுவும் இல்லை, தேங்கவும் எதுவும் இல்லை என்று மிஸ் விளக்கிய பிறகே என் அம்மா அமைதியானார்.

இங்கே வழிபாட்டையும் சொல்லாமல் விட முடியாது. சுகாதாரத் துண்டுப் பிரசுரங்கள் இதைத் தொடுவதே இல்லை, பெண்களோ இதைத்தான் முதலில் யோசிக்கிறார்கள். எந்த நாளில் படும் என்று தெரியாவிட்டால் கேதாரகௌரி விரதத்தின் 21 நாட்களையும் எப்படிப் பிடிப்பது, பத்திரகாளி அம்மன் கோயில் திருவிழாவுக்கு எப்படிப் போவது என்பது ஒரு சைவப் பெண்ணுக்குச் சிறிய கேள்வி அல்ல. கிண்ணியாவிலிருந்து வந்த ராத்தா ஒருவர், தொழுகையும் நோன்பும் விட்டுப்போகுமே என்ற ஒரே காரணத்துக்காகக் குச்சியை மறுத்து வந்ததாகச் சொன்னார். மாதவிடாய்க் கணக்கில் சேராத உதிரப்போக்குக்கு, அதாவது இஸ்திஹாழாவுக்கு, மார்க்கத்தில் தனிச் சட்டம் உண்டு, அந்த நிலையில் வுழூச் செய்து, அதாவது கைகால் முகம் கழுவித் தூய்மை செய்து, தொழலாம் என்பதை அவருக்குப் பக்கத்தில் இருந்த இன்னொரு முஸ்லிம் பெண்ணே எடுத்துச் சொல்லி, உறுதிப்படுத்த ஒரு மௌலவியின் மனைவியைக் கேட்கும்படியும் சொன்னார். ராத்தா கடைசியில் லூப்பைத் தெரிந்தெடுத்தார். செப்பு லூப்பில் மாதவிடாய் கூடினாலும் பெரும்பாலும் மாதத்தில் தன் காலத்துக்கே வரும் என்பது அவருக்கு முக்கியமாகப் பட்டது. அவர் எந்த முறையை எடுத்தார் என்பதைவிட, இந்தக் காரணத்தைக் காரணமாக மதித்து இடம் கொடுத்த கிளினிக்கை நான் மெச்சுகிறேன்.

பயங்களில் மற்றவற்றை அங்கே விரைவாகவே தீர்த்து வைக்கிறார்கள். குச்சி கைக்குள் ஊர்ந்து இதயத்துக்குப் போகாது. வைத்த இடத்தைத் தடவினால் எப்போதும் தட்டுப்படும். கைவேலை செய்யலாம், தண்ணீர் அள்ளலாம், முதல் சில நாட்களுக்கு மட்டும் கட்டுப் போட்ட இடத்தை நனையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். லூப் போட்டால் பிறகு பிள்ளை பிறக்காது என்பதும் சரியல்ல, எடுத்தவுடன் கருத்தரிக்கும் ஆற்றல் திரும்பிவிடுகிறது, குச்சியிலும் அப்படியே. லூப்பால் தொற்று வரும் என்ற பயத்தில் ஓர் உண்மை இருக்கிறது. வைத்த முதல் 20 நாட்களில் தொற்றுக்கான வாய்ப்புச் சற்றுக் கூடுதல். ஏற்கெனவே பாலியல் நோய்த்தொற்று இருப்பவருக்கே அது பெரும்பாலும் நேர்கிறது. ஆதலால்தான் வைப்பதற்கு முன் வெள்ளைபடுதல் உண்டா என்று கேட்டுப் பரிசோதிக்கிறார்கள். இந்த இடத்தில் வெட்கப்பட்டு மறைக்கக் கூடாது.

கணவனும் மாமியும் இல்லாமல் இந்தக் கதை முழுமையடையாது. எங்கள் பக்கத்தில் பல கணவர்மார் கத்தாரிலோ சவூதியிலோ இருக்கிறார்கள். இரண்டு மாத விடுமுறையில் வந்து போகிறார்கள். "அவர் இல்லாத நேரத்தில் உனக்கெதுக்கு அது?" என்ற ஒரு கேள்விக்குப் பயந்தே பல பெண்கள் எதுவும் எடுக்காமல் இருக்கிறார்கள். விடுமுறை வந்த கிழமையில் குளிசை தொடங்குவது பிந்திய வேலை. குச்சி வெளியே தெரியாது, லூப் அதைவிடத் தெரியாது, விளக்கம் சொல்ல வேண்டிய பெட்டியோ பக்கற்றோ வீட்டில் இருக்காது. இந்தக் காரணத்துக்காகவே நீண்டகால முறையை விரும்புகிறவர்களும் இருக்கிறார்கள். இங்கே குச்சிக்கும் லூப்புக்கும் கணவரின் கையொப்பத்தைக் கேட்டதை நான் காணவில்லை. அதே நேரத்தில், கணவரைக் கூட்டிவந்தால் அவரையும் இருத்தி விளக்குகிறார்கள். கடற்றொழில் செய்யும் ஒருவர், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, லூப்பின் நூல் தனக்குக் குத்துமா என்று நேரடியாகவே கேட்டார். நூல் மெல்லியது, நாளாக நாளாக இளகிவிடும், உறுத்தினால் வெட்டிச் சிறிதாக்கலாம் என்று வைத்தியர் அவருக்குச் சிரிக்காமல் பதில் சொன்னார். அப்படிப் பதில் பெற்ற கணவர் வீட்டில் தன் தாயிடம் மனைவியின் பக்கம் நின்று கதைப்பார்.

காசு ஒரு தடையா என்பதைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவின் சென்ற் லூயிஸ் நகரில் 2007 முதல் 2011 வரை 9,256 பெண்களைக் கொண்டு நடத்தப்பட்ட சொய்ஸ் என்ற ஆய்வில், விலையை முழுவதும் நீக்கி, எல்லா முறைகளையும் விளக்கி, விரும்பியதை எடுக்க விட்டார்கள். ஏறத்தாழ 75 சதவீதமானோர் லூப் வகைகளையோ குச்சியையோ தெரிந்தெடுத்தார்கள். ஒரு வருடத்துக்குப் பிறகும் நீண்டகால முறை எடுத்தவர்களில் 86 சதவீதம் அளவினர் அதிலேயே இருந்தார்கள், மற்ற முறைகளில் 55 சதவீதம் அளவினரே தொடர்ந்தார்கள். அங்கே விலை பெரிய சுவர். நம் நாட்டில் அந்தச் சுவர் எப்போதோ இடிக்கப்பட்டுவிட்டது: குடும்பத் திட்டமிடல் சங்கம் 1953இல் தொடங்கியது, 1965இல் அரசாங்கம் இதைத் தன் கொள்கையாக ஏற்றது. 2016ஆம் ஆண்டின் தேசிய குடித்தொகை, சுகாதார அளவீட்டில் திருமணமான பெண்களில் ஏறத்தாழ 65 சதவீதமானோர் ஏதாவதொரு முறையைக் கையாண்டார்கள், நவீன முறைகளைக் கையாண்டோர் திருமணமான பெண்கள் எல்லாரிலும் 54 சதவீதம் அளவினர். மருந்து இலவசமாக இருந்தும், மிட்வைஃப் வீட்டு வாசலுக்கே வந்தும், எஞ்சியிருப்பவர்களைத் தடுப்பது விலை அல்ல என்பது தெளிவு. ஆனால் பயணச் செலவு வேறு விடயம். 2022இன் நெருக்கடியில் பஸ் கட்டணம் ஏறியபோது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊசிக்கு வர முடியாமல் தவறவிட்டவர்கள் எனக்குத் தெரிந்த வட்டத்திலேயே இருந்தார்கள். அதன் பிறகு குச்சிக்கு மாறியவர்களும் உண்டு. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை பாதை எனப்படும் மிதவைப் படகுக்குக் காத்திருந்து கடந்த பெண்களுக்கு, ஐந்து வருடத்துக்கு ஒரே பயணம் என்பது எவ்வளவு பெரிய நிம்மதியாக இருந்திருக்கும் என்று அடிக்கடி நினைப்பேன்.

விரும்பாமல் தரித்துவிட்ட கருவைக் கலைக்க இந்த நாட்டில் சட்டவழி இல்லை என்பதையும் எல்லாரும் நினைவில் வைக்க வேண்டும். 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, தாயின் உயிரைக் காப்பாற்றுவதற்கு மட்டுமே கருக்கலைப்பை அனுமதிக்கிறது. இரகசிய இடங்களுக்குப் போய்ச் சீரழிந்து வைத்தியசாலைக்கு வருகிறவர்களைப் பற்றித் தாதிமார் சொல்லக் கேட்டால், லூப் என்ற சிறு சாதனத்தின் பெறுமதி புரியும்.

இனிக் குறைகள். முதலாவது, தனிமை. பரிசோதனைக் கட்டிலைச் சுற்றித் திரைச்சீலை இருக்கிறது, ஆனால் ஆலோசனை நடக்கும் மேசைக்கும் பிள்ளைகளுக்கு நிறை பார்க்கும் இடத்துக்கும் இடையில் அரைச்சுவர்தான். மாதவிடாயைப் பற்றிக் கேட்கும் கேள்வியும் அதற்கான பதிலும் அடுத்த பக்கத்து வாங்குக்குக் கேட்கும். கூட்டமாக இருந்து மாதிரிகளைப் பார்ப்பது நல்லது. அதற்குப் பிறகு ஒவ்வொருவருக்கும் கதவு சாத்திய ஓர் அறையில் ஐந்து நிமிடமாவது கொடுக்க வேண்டும். கணவரால் துன்பப்படுகிறவள் அல்லது நோய்த்தொற்று இருக்குமோ என்று சந்தேகப்படுகிறவள் அந்த மேசையில் வாய் திறக்க மாட்டாள்.

இரண்டாவது, வைத்தியர் வராத நாட்கள். குச்சியையும் லூப்பையும் வைப்பவரும் எடுப்பவரும் வைத்தியர்தான். அவருக்குக் கூட்டமோ வேறு கடமையோ வந்துவிட்டால் அன்றைக்கு வந்தவர்கள் திரும்ப வேண்டியிருக்கிறது. குச்சவெளிப் பக்கத்திலிருந்து கைக்குழந்தையோடு வந்து, ஒன்பது மணி தொடக்கம் காத்திருந்து, மறுகிழமை வரச் சொல்லப்பட்ட ஒருவரின் முகத்தைப் பார்த்தேன். அவர் திரும்பி வருவார் என்று எனக்கு நம்பிக்கை வரவில்லை. முதல் நாளே குடும்பநல உத்தியோகத்தர் மூலம் தொலைபேசியில் அறிவித்தால் இந்த அநியாயத்தைத் தவிர்க்கலாம். மூன்றாவது, மொழி. மாற்றலாகி வரும் வைத்தியர்களில் சிலருக்குத் தமிழ் தெரியாது. மிஸ் மொழிபெயர்க்கிறார், நன்றாகவே செய்கிறார். ஆனால் அவர் வேறொருவருக்கு ஊசி போடப் போயிருக்கும்போது, அந்த வேலை சிற்றூழியரிடம் விழுகிறது, அது சரியல்ல. பெண் வைத்தியர் இருக்கிறாரா என்று முன்கூட்டியே கேட்டு வருவதும் நல்லது. ஆண் வைத்தியர் என்று தெரிந்ததும் லூப் வேண்டாம் என்று எழுந்து போனவர்களைக் கண்டிருக்கிறேன். அவர்களுக்கு அந்த இடத்தில் குச்சி பொருத்தமான மாற்றாக இருக்கலாம் என்று எடுத்துச் சொல்ல ஆள் இருக்க வேண்டும். ஹோர்மோன் கொண்ட லூப் வகை அங்கே கிடைக்கவில்லை, மாதவிடாய் மிக அதிகமாகப் போகிற பெண்களுக்கு அது மிகவும் உதவும் என்பதால் இதையும் ஒரு குறையாகவே பதிகிறேன்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சம்பவம். என் உறவுப் பெண் ஒருவர் வேறோர் இடத்தில் குச்சி வைத்துக்கொண்டார். எட்டு மாதமாகப் படுவது நிற்காமல், கழற்றச் சொல்லிப் போனபோது, "இன்னும் கொஞ்சம் பொறுங்கோ, அரசாங்கத்தின்ர பொருளை வீணாக்கக் கூடாது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மறுபடியும் போனார், மறுபடியும் அதே பதில். கடைசியில் நான் எழுதுகிற இந்தக் கிளினிக்குக்கு வந்து, அன்றைக்கே மரத்துப்போகும் ஊசி போட்டுச் சிறு கீறலால் இரண்டு குச்சிகளையும் எடுத்துவிட்டுப் போனார். வைப்பதைவிட எடுப்பதற்குச் சற்று நேரம் கூடுதலாகப் பிடிக்கும், வலி பெரிதல்ல. ஆனால் முதல் இடத்தில் நடந்தது அவரோடு முடியவில்லை. அவருடைய தங்கைமார் இருவரும் மைத்துனியும் குச்சி என்ற பேச்சையே எடுக்க விடுவதில்லை. ஒரு பெண்ணுக்குக் கழற்ற மறுத்தால் அந்தக் குடும்பத்தில் அடுத்து வரும் நான்கு பேர் வைக்க மாட்டார்கள். இந்தக் கணக்கைச் சுகாதாரத் துறையில் இருப்பவர்கள் இலக்குப் பட்டியல்களை நிரப்பும்போது நினைக்க வேண்டும்.

எல்லாருக்கும் எல்லாம் பொருந்தாது. மார்பகப் புற்றுநோய் இருந்தவர்களும் கடுமையான ஈரல் நோயுள்ளவர்களும் குச்சி வைக்கக் கூடாது. வலிப்புக்கு காபமசெபின், பெனிடோயின் போன்ற மருந்துகளை எடுப்பவர்களிலும், காசநோய்க்கு ரிபாம்பிசின் எடுப்பவர்களிலும் குச்சியின் வேலைத்திறன் குறையும், எனவே எந்த மருந்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 80 கிலோவுக்கு மேற்பட்டவர்கள் நான்காவது வருடத்துக்குப் பிறகு மாற்றுவதைப் பற்றிக் கேட்டுக்கொள்ளலாம். இரத்தச்சோகை கடுமையாக உள்ளவர்கள் செப்பு லூப்பைப் பற்றி வைத்தியரோடு ஆலோசித்தே முடிவெடுக்க வேண்டும். பாலூட்டும் தாய்மார் இரண்டையும் எடுக்கலாம். லூப்பைப் பிரசவித்த 48 மணித்தியாலங்களுக்குள் அல்லது நான்கு கிழமைகளுக்குப் பிறகு போடுவார்கள். இரண்டும் பாலியல் நோய்களைத் தடுக்காது.

போகிறவர்கள் பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டையும், எடுக்கும் மருந்துகளின் துண்டையும் கொண்டு போங்கள். கை தளர்வான சட்டையாக அணிந்தால் குச்சி வைக்க வசதி. லூப்புக்கு மாதவிடாய் நாட்களில்தான் வர வேண்டும் என்பதில்லை, கர்ப்பம் இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால் எந்த நாளிலும் போடலாம். கிளினிக் எந்தக் கிழமையில் நடக்கிறது, வைத்தியர் வருகிறாரா என்பதை உங்கள் பகுதி குடும்பநல உத்தியோகத்தரிடம் முதல் நாளே கேளுங்கள். வைத்த திகதியும் எடுக்க வேண்டிய திகதியும் எழுதிய அட்டையைத் தருவார்கள். அதைப் பிள்ளையின் பதிவேட்டோடு சேர்த்து வையுங்கள். கையொப்பமிடுவதற்கு முன், எப்போது கேட்டாலும் கழற்றித் தருவீர்களா என்று நீங்களும் ஒருமுறை வாய் திறந்து கேளுங்கள். அந்தப் பதில் தயக்கமில்லாமல் வந்தால் மட்டும் கையை நீட்டுங்கள்.